சம்பளம் வேறு, கைச்செலவுக் காசு வேறு

(உறுப்பினர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நான் பேச எடுத்துக்கொண்ட விஷயம் நம்மில் பல குடும்பங்கள் வெளியே சொல்லத் தயங்கும் விஷயம். அறிவு வளர்ச்சியில் குறைபாடோ ஆட்டிசமோ உள்ள பிள்ளை. சிறப்புப் பள்ளியில் இருக்கிற வகுப்பெல்லாம் முடித்து, இருபத்தைந்து வயதில் வீட்டோடு இருக்கிறான். "எங்களுக்குப் பிறகு யார் பார்த்துக்கொள்வார்கள்?" என்ற கவலையைப் பற்றி நாம் நிறையப் பேசியாயிற்று. "அவனுக்கு இன்று என்ன வேலை, அதற்கு என்ன சம்பளம்?" என்று கேட்பவர்கள் குறைவு. அதைத்தான் இன்று கேட்கப்போகிறேன்.

2011-ஆம் ஆண்டு ஜனத்தொகைக் கணக்குப்படி நம் நாட்டில் மாற்றுத்திறனாளிகள் 2 கோடியே 68 லட்சம் பேர். அவர்களில் ஏதாவது ஒரு வேலையில் இருந்தவர்கள் 36 சதவிகிதம். அறிவுசார் குறைபாடு உள்ளவர்கள் சுமார் 15 லட்சம் பேர்.

இந்தப் பிள்ளைகளுக்கு வேலை என்றால் நமக்குத் தெரிந்தது பள்ளியை ஒட்டிய பயிலரங்கம்தான். காகித உறை, மெழுகுவர்த்தி, அகல் விளக்கு, தாம்பூலப் பை. கல்யாணத்துக்கு அங்கே நூறு பை வாங்கினால் புண்ணியம் என்று நாமும் வாங்குகிறோம். பையை ஒட்டியவனுக்கு மாதம் என்ன கிடைத்தது என்று கேட்டோமா? பெரும்பாலும் 'ஊக்கத்தொகை' என்ற பெயரில் ஒரு சிறு தொகை. பயிலரங்கம் நடத்துபவர்களைக் குறை சொல்லவில்லை. அவர்கள் தொண்டு மனப்பான்மை உள்ளவர்கள். ஆனால் 'பயிற்சி' என்று சொல்லிப் பத்து வருஷம், பதினைந்து வருஷம் ஒரே உறையை ஒட்ட வைத்தால் அதற்குப் பெயர் பயிற்சி அல்ல.

1980-களில் அமெரிக்காவில் இந்த முறையைத் தலைகீழாகத் திருப்பினார்கள். முதலில் பயிற்சி, பிறகு வேலை என்பதற்குப் பதிலாக, முதலில் நிஜமான இடத்தில் வேலை, அந்த இடத்திலேயே பயிற்சி. கூடவே 'ஜாப் கோச்' என்று ஒருவர். ஓட்டலில் சாப்பாட்டு மேஜையைத் தயார் செய்கிற வேலையை எடுத்துக்கொள்ளுங்கள். நமக்கு அது ஒரு வேலை. ஜாப் கோச் அதைச் சின்னச் சின்னப் படிகளாகப் பிரிப்பார்: துடைப்பது, விரிப்பது, தட்டு வைப்பது, ஸ்பூன் எந்தப் பக்கம், டம்ளர் எங்கே. ஒவ்வொன்றுக்கும் ஒரு படம். எந்தப் படியில் பிள்ளை தடுமாறுகிறான் என்று குறித்து, அந்தப் படிக்கு மட்டும் உதவி. எந்த பஸ்ஸில் ஏறுவது, டிபன் இடைவேளையில் எங்கே உட்காருவது, மேலதிகாரி கோபித்தால் என்ன செய்வது என்பதும் பாடத்தில் சேர்த்தி. முதல் சில வாரங்கள் முழு நாளும் கூடவே இருப்பார். பிறகு அரை நாள், பிறகு வாரம் ஒரு முறை. அதற்குள் பக்கத்தில் வேலை செய்யும் சகஊழியர் ஒருவர் அந்த இடத்தை எடுத்துக்கொண்டிருப்பார். ஜாப் கோச் நிரந்தரமாகக் கூடவே நின்றால் முறை சரியாக நடக்கவில்லை என்று அர்த்தம்.

நம் நாட்டிலும் இது நடக்காமல் இல்லை. லெமன் ட்ரீ ஓட்டல்கள் 2007-இல் காது கேளாத ஊழியர்களை எடுக்க ஆரம்பித்து, பிற்பாடு டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களையும் தங்கள் உணவகங்களில் வேலைக்கு வைத்தார்கள்.

இனி சம்பளம். 1948-ஆம் ஆண்டின் குறைந்தபட்ச ஊதியச் சட்டத்தில் 26-ஆவது பிரிவு என்று ஒன்று இருந்தது. ஊனமுற்ற ஊழியரின் ஊதியத்துக்கு இந்தச் சட்டம் பொருந்தாது என்று அரசாங்கம் உத்தரவிட அது இடம் கொடுத்தது. சட்டமே அப்படிக் கதவைத் திறந்து வைத்திருந்தால் முதலாளி என்ன செய்வார்? அந்தச் சட்டத்தின் இடத்தில் ஊதியச் சட்டத் தொகுப்பு 2025 நவம்பரில் அமலுக்கு வந்துவிட்டது. ஆனால் மனதில் உள்ள 26-ஆவது பிரிவு இன்னும் ரத்தாகவில்லை. "பாவம், அவனுக்கு எதற்கு முழுச் சம்பளம்? ஏதோ பொழுது போகிறதே" என்று பெற்றோரே சொல்லக் கேட்டிருக்கிறேன்.

என் அபிப்பிராயம் இது. நான்கு மணி நேரம்தான் முடியும் என்றால் நான்கு மணி நேரத்துக்கான சம்பளம், அதில் தப்பில்லை. எட்டு மணி நேர வேலைக்குப் பாதிச் சம்பளம் என்பது தப்பு. வேகம் போதவில்லை என்றால் அவனுக்குப் பொருந்துகிற வேலையைத் தேட வேண்டும், அல்லது அரசாங்கம் ஈடு செய்ய வேண்டும். அவன் பையிலிருந்து எடுக்கக் கூடாது.

2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அரசு வேலையில் ஒதுக்கீட்டை 3-லிருந்து 4 சதவிகிதமாக்கியது. அறிவுசார் குறைபாடு, ஆட்டிசம் போன்றவர்களுக்கு அதில் முதல் தடவையாகப் பங்கு உண்டு. தனியார் துறைக்கு 5 சதவிகிதம் என்று சொல்லியிருப்பது ஊக்குவிப்புதான், கட்டாயம் இல்லை. நம் உறுப்பினர்களில் ஆள் எடுக்கும் பொறுப்பில் இருப்பவர்கள் கொஞ்சம் கவனிக்க வேண்டும்.

கடைசியாக, சர்க்கார் உத்தியோகத்தில் இருந்தவர்களின் பயம் ஒன்று. "பிள்ளை சம்பளம் வாங்கினால் எங்களுக்குப் பிறகு அவனுக்கு வரவேண்டிய குடும்ப ஓய்வூதியம் போய்விடுமே!" இந்தப் பயத்தால் வந்த வேலையை வேண்டாம் என்றவர்கள் உண்டு. மத்திய அரசில் வருமான வரம்பு முன்பு மாதம் 9,000 ரூபாயும் அதன் மேல் அகவிலைப்படியும்தான். 2021 பிப்ரவரியில் மாற்றினார்கள். இப்போது, தகப்பனாரோ தாயாரோ கடைசியாக வாங்கிய சம்பளத்தில் 30 சதவிகிதமும் அதற்குரிய அகவிலைப்படியும் சேர்ந்த தொகைக்குக் கீழே பிள்ளையின் மற்ற வருமானம் இருந்தால் போதும். கடைசிச் சம்பளம் 60,000 என்றால் 30 சதவிகிதம் 18,000. அகவிலைப்படி 50 சதவிகிதம் என்று வைத்துக்கொண்டால் வரம்பு 27,000. பழைய கணக்கில் இதுவே 13,500-தான். ஆக, குறைந்தபட்சச் சம்பளம் வாங்குகிற பிள்ளைக்கு இந்த வரம்பு பெரும்பாலும் இடிக்காது. பிள்ளை பேரில் பாங்கில் போட்டு வைத்திருக்கும் டெபாசிட்டின் வட்டியும் வருமானத்தில் சேரும். நாம் கவலைப்பட வேண்டியது சம்பளத்தைவிட அந்த வட்டியைப் பற்றித்தான்! மாநில அரசு, வங்கி, பொதுத்துறை விதிகள் வேறு. அவரவர் அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளவும்.

மத்திய அரசு ஓய்வூதியர்கள் தாங்கள் இருக்கும்போதே பிள்ளையின் பெயரைப் பென்ஷன் ஆணையில் சேர்த்துவிடலாம். மருத்துவச் சான்றிதழ் தயாராக இருக்கட்டும். பென்ஷன் ஆணையின் நகலைக் கொண்டு வந்திருப்பவர்கள் காபிக்குப் பிறகு என்னைப் பாருங்கள், உட்கார்ந்து கணக்குப் போட்டுவிடலாம்.