முதிர்ந்த கோழிகளும் மெல்லிய முட்டை ஓடும்

(ஐக்கிய சங்க அங்கத்தினர் கூட்டமொன்றில் இலாகா இன்ஸ்பெக்டர் ஒருவர் செய்த பிரசங்கம்)



கடன் தவணையைப் பற்றிப் பேசுவேன் என்றெண்ணி நீங்கள் வந்திருக்கலாம். நான் பேசப்போவதோ கோழி முட்டையின் ஓட்டைப் பற்றி. இரண்டிற்கும் யாது சம்பந்தம் என்று கேட்பீர்களாயின், என் அநுபவத்தில் நேர்ந்த ஒரு காரியத்தைச் சொல்லி ஆரம்பிக்கிறேன்.

என் சரகத்தைச் சேர்ந்த கிராமமொன்றில் கணவனை இழந்த ஓர் அம்மாள் 8 பெட்டைக் கோழிகளை வளர்த்து, முட்டை விற்ற பணத்தைக் கொண்டே சங்கக் கடனைத் தவணை தவறாது செலுத்தி வந்தார். மூன்றாம் வருஷத்தில் தொடர்ந்து 3 தவணைகள் நின்றுவிட்டன. தவணை தவறியவர் ஜாபிதாவில் அவர் பெயரை எழுதியவன் நானே. காரணம் யாதென்று நான் விசாரிக்கவில்லை. பின்னர் ஒரு நாள் அவர் வீட்டுத் திண்ணைக்குச் சென்றபோது, அவர் ஒன்றும் பேசாமல் ஒரு கூடையைக் கொணர்ந்து என் முன் வைத்தார். அதிற் சில தோல்முட்டைகள். மற்றவை விரல் பட்டவுடன் நொறுங்கின. “ஐயா, கோழிகள் இடாமல் இல்லை, இட்டது சந்தைக்குப் போய்ச் சேருவதில்லை” என்றார். ஜாபிதா எழுதிய கை அன்று வெட்கமடைந்தது. அதன் பின்னரே இவ்விஷயத்தைக் கால்நடை வைத்தியரிடம் கேட்டறிந்தேன். அறிந்ததை உங்களுக்குச் சொல்லுகிறேன்.

முட்டையோட்டில் 100-க்கு 94 பங்கு சுண்ணாம்பு வஸ்துவே. சுமார் 60 கிராம் எடையுள்ள முட்டையின் ஓடு 5 அல்லது 6 கிராம் இருக்கும். அதில் ஏறக்குறைய 2 கிராம் சுண்ணாம்புச் சத்து அடங்கியுள்ளது. முட்டை கோழியின் வயிற்றில் உருவாக ஒரு நாளைக்குச் சற்று அதிகமாகிறது; அதில் சுமார் 20 மணி நேரம் ஓடு கட்டுவதற்கே செலவாகின்றது. இவ்வேலையின் பெரும்பகுதி கோழி உறங்கும் இரவில் நடைபெறுகிறது.

நாம் இடும் இரையைக் கவனியுங்கள். அரிசிக் குறுணையிலும் கம்பிலும் சுண்ணாம்புச் சத்து மிக அற்பம். தானியங்களில் அச்சத்து மிகுந்த கேழ்வரகிலும் 100 கிராமுக்குச் சுமார் மூன்றிலொரு கிராமே உண்டு. தின்றதெல்லாம் உடலிற் சேருவதுமில்லை. குறைந்ததைக் கோழி தன் எலும்பிலிருந்தே எடுத்து ஓடு கட்டுகிறது. கைமுதலை எடுத்துச் செலவிடும் குடும்பம் எத்தனை நாள் தாங்கும்? கோழியின் கதியும் அதுவே.

முதிர்ந்த கோழிக்கு இத்துன்பம் ஏன் அதிகம் எனில், காரணம் இரண்டு. முதலாவது, வயது ஏற ஏற முட்டை பருக்கிறது. ஓட்டிற்குச் சேரும் சுண்ணாம்போ அவ்விதம் பெருகுவதில்லை. ஒரே அளவு மாவைப் பெரிய கல்லில் வார்த்தால் தோசை மெலிவது போல ஓடு மெலிகிறது. இரண்டாவது, இரையிலுள்ள சுண்ணாம்பைக் கிரகிக்கும் சக்தியும் எலும்பின் சேமிப்பும் குறைகின்றன. ஈட்டுக்கு ஈடு அடைகாத்து ஓய்வு பெறும் நாட்டுக் கோழிக்கு இத்தொல்லை குறைவு. வனராஜா, கிரிராஜா முதலிய அபிவிருத்தி இனங்கள் அதிகம் இடுவதால் அவற்றிற்கே கவனம் மிகுதியும் வேண்டும்.

இனிச் செய்யவேண்டியவை.

கிளிஞ்சலையாவது சுண்ணாம்புக் கல்லையாவது குறுணையாக இடித்துத் தனிச் சட்டியில் வையுங்கள். முட்டையிடும் கோழிக்கு நாளொன்றுக்கு 10 கிராம் குறுணை ஏறக்குறைய 4 கிராம் சுண்ணாம்புச் சத்தைத் தரும். மாவாக இடிக்கலாகாது, குறுணையே இரை அரைக்கும் பையில் தங்கி இரவு முழுவதும் சிறிது சிறிதாகக் கரையும். ஆதலின் மாலையில் வைப்பது உத்தமம். வெற்றிலைக்குத் தடவும் சுட்ட சுண்ணாம்பை ஒருபோதும் கொடுக்கலாகாது; அது வாயையும் குடலையும் வேகச் செய்யும். ஆற்று மணல் இரையை அரைக்க உதவுமேயன்றி ஓடு கட்ட உதவாது. குஞ்சுகளுக்கும் முட்டையிடாத விடைக் கோழிகளுக்கும் இதை இரையிற் கலந்து ஊட்டாதீர்கள். அவற்றின் சிறுநீரகங்கள் கெடும்.

வீட்டில் மிஞ்சும் முட்டையோடுகளையும் வறுத்து நொறுக்கி இடலாம். முழு ஓடாகப் போட்டால் கோழி முட்டையைக் கொத்தித் தின்னப் பழகிவிடும்.

காலை வெயில் படும்படி கோழிகளைத் திறந்து விடுங்கள். வெயிலால் தேகத்தில் உண்டாகும் டி வைட்டமின் இல்லாவிடில் தின்ற சுண்ணாம்பு உடலிற் சேராது. ஆயினும் கோடைப் பகலில் நிழலும் குளிர்ந்த நீரும் அவசியம். வெப்பத்தால் கோழி வாய் திறந்து இளைக்கும்போது, ஓட்டிற்கு வேண்டிய கரியமில வாயு இரத்தத்திலிருந்து வெளியேறி ஓடு மெலியும்.

எல்லாக் குறையும் இரையால் விளைவதன்று. பல கோழிகள் ஒருங்கே முட்டை குறைத்து, சுருங்கிக் கோணலான ஓடுள்ள முட்டைகளை இட்டால் தொற்று நோயெனச் சந்தேகித்து உடனே கால்நடை வைத்தியரிடம் தெரிவியுங்கள். வெள்ளைக்கழிச்சலுக்குத் தடுப்பூசி உண்டு, அதைத் தவறவிடாதீர்கள். ஒரு கோழி மாத்திரம் வயிறு பருத்து, நிமிர்ந்து நின்று முக்குமானால் முட்டை உள்ளே தங்கியிருக்கலாம். வயிற்றைப் பிசைந்து உடைத்துவிடாமல் வைத்தியரை நாடுங்கள். இறகு உதிர்க்கும் காலத்தில் முட்டை நிற்பதோ இயல்பு; அதற்கு மருந்து வேண்டா, பொறுமையே வேண்டும்.

விரிசல் கண்ட முட்டையைச் சங்கக் கூடையில் சேர்க்காதீர்கள். அதன் வழியே கிருமி புகும்; ஒரு முட்டை அழுகினால் வாங்குவோர் முழுக் கூடையையும் சந்தேகிப்பர். அதை அன்றே வீட்டில் நன்கு வேகவைத்து உண்ணுங்கள், அடைக்கும் வைக்கலாகாது.

இறுதியாக ஒரு வேண்டுகோள். தனித்தனியே கைப்பிடிக் குறுணை வாங்குவதினும், சங்கத்தின் மூலம் மூட்டையாக வாங்கிப் பங்கிட்டுக் கொள்ளுங்கள். ஒவ்வொரு வீட்டிலும் ஒரு சிறு நோட்டில் இட்ட முட்டை, உடைந்த முட்டை, இட்ட கோழி ஆகியவற்றைக் குறியுங்கள். எதை வைத்துக்கொள்வது, எதை விற்பது என்பதை அந்த நோட்டே சொல்லும்.

அந்த அம்மாள் அவ்வாறே செய்தார். மிக முதிர்ந்த 2 கோழிகளை விற்று, மீதி ஆறிற்குக் கிளிஞ்சல் வைத்தார். எல்லாம் பழையபடி ஆகிவிடவில்லை. ஒரு கோழி இன்றும் தோல்முட்டையே இடுகிறது. ஆயினும் தவணை மறுபடி வரத் தொடங்கியது. ஜாபிதாவிலிருந்து அவர் பெயரை நானே என் கையால் அடித்தேன். தவணை தவறியவரைக் கண்டால் முதலில் காரணத்தைக் கேட்பதென்று அன்று உறுதி கொண்டேன். பஞ்சாயத்தார்களாகிய நீங்களும் அவ்விதமே கேட்பீர்கள் என்று நம்பி அமர்கிறேன்.