நோய்க்கு நிறமுண்டோ?

நோய் நிறம் பார்ப்பதில்லை. ஆனால், மருத்துவமனையின் வாயில் நிறம் பார்த்தது, செல்வம் கொழிக்கும் அமெரிக்க நாட்டிலே!

கருப்பின மக்கள் மிகுதியாக மாள்வதற்கு அவர்தம் இன இயல்பே காரணம் என்று 1896-இல் நூல் தீட்டினார், காப்பீட்டு நிறுவனப் புள்ளியியலாளர் ஆஃப்மன். இன இயல்பல்ல, வாழ்நிலையின் விளைவு என்று காட்டினார் கருப்பின அறிஞர் டு பாய்ஸ். பிலடெல்பியாவில் வீடு வீடாகச் சென்று ஆராய்ந்து, காற்றோட்டமற்ற, சுகாதார வசதியற்ற குடியிருப்புகளின் நிலையை 1899-இல் ஏட்டிலேற்றினார்.

ஆண்டவர்கள் செய்தது என்ன? மருத்துவமனை கட்டப் பொதுப்பணம் வழங்கிய 1946-ஆம் ஆண்டுச் சட்டமே, வெள்ளையருக்கொன்று, கருப்பருக்கொன்று எனப் பிரித்துக் கட்டவும் இடந்தந்தது. வரி கொடுத்த கரத்துக்கே வாயில் அடைபட்டது!

1963-இல் நீதிமன்றம் அவ்விதியைச் செல்லாதாக்கிற்று. 1964-இல் குடிமை உரிமைச் சட்டம் பிறந்தது. 1966-இல் முதியோர் மருத்துவக் காப்பீடு தொடங்கியபோது, நிறம் பிரிக்கும் மருத்துவமனைக்குப் பணமில்லை என்றது அரசு. பல்லாண்டு வேண்டுகோளுக்கு அசையாத கதவுகள், ஆயிரத்துக்கும் மேற்பட்ட மருத்துவமனைகளிலே சில திங்களில் திறந்தன. மனம் மாறியதாலா? இல்லை, பணம் நின்றுவிடுமென்பதால்!

கதவு திறந்தது; கணக்கு தீர்ந்ததா? 2021-இல் அங்கே இலட்சம் மகப்பேறுகளுக்கு மாண்ட தாய்மார், வெள்ளையரில் 26.6, கருப்பரில் 69.9. கல்லூரிப் படிப்புடைய கருப்பினத் தாயையும் அந்த ஆபத்து விடவில்லை. வறுமை மட்டுமன்று, அவமதிப்பும் கொல்கிறது!

ஆகவே, தோழர்களே! நல்லெண்ணம் பிறக்குமெனக் காத்திருத்தல் வீண். சட்டம் வாயிலைத் திறக்கும். வீட்டையும் கூலியையும் மதிப்பையும் சமன்செய்யும் பணி அதன் பின்னரே தொடங்குகிறது. அப்பணியை மறந்தால், திறந்த கதவும் பாதி மூடியதே!