அல்லியை அடக்கியது யார்?

(ஆலைத் தொழிலாளரும் விவசாயத் தொழிலாளரும் சேர்ந்து நடத்திய கூட்டத்தில் ஆற்றிய உரை)



கூலிப் பேச்சு நெருங்குகிற சமயத்தில் இவர்கள் கதை பேச வந்துவிட்டார்களே என்று சிலர் முணுமுணுப்பது காதில் விழுகிறது. கதைக்கும் கூலிக்கும் சம்பந்தம் உண்டு. அதைச் சொல்லத்தான் வந்திருக்கிறோம்.

பெரிய எழுத்து அல்லியரசாணி மாலையைப் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். சந்தையிலும் திருவிழாவிலும் தரையில் சாக்கை விரித்துப் பரப்பி விற்ற புத்தகம். புகழேந்திப் புலவர் பெயரைப் போட்டு அச்சடிப்பார்கள். எழுத்துத் தெரிந்த ஒருவர் ராகம் போட்டுப் படிக்க, தெருவே உட்கார்ந்து கேட்கும். பாண்டியன் மகள் அல்லி. பறிபோன நாட்டை நீன்முகனோடு சண்டையிட்டு மீட்டவள். மதுரைச் சிம்மாசனத்தில் அமர்ந்து, தன்னைச் சுற்றிப் பெண்களையே வைத்துக்கொண்டு ஆண்டவள். கலியாணம் வேண்டாம் என்றவள். அவள் மீது அர்ச்சுனன் ஆசை வைக்கிறான். களத்தில் நின்று வென்றானா? அதுதான் இல்லை. கண்ணன் துணையோடு பாம்பாக உருமாறி அரண்மனைக்குள் நுழைகிறான். அவள் தூங்கும்போது தாலியைக் கட்டிவிடுகிறான்.

விழித்திருக்கிற அல்லியிடம் செல்லாத வில், தூங்குகிற அல்லியிடம் ஜெயித்தது! இதே காரியத்தை நம் தெருவில் ஒருவன் செய்தால் போலீஸ் ஸ்டேஷனுக்கு இழுத்துப் போவோம். கதையில் செய்தவனோ காண்டீபம் ஏந்திய வீரன்.

அதோடு போகவில்லை. வீட்டில் பெண் சொல் எடுபட்டால், ஆபீசில் ஒரு பெண் அதிகாரி கண்டிப்பாக இருந்தால், "அங்கே அல்லி தர்பார்" என்று இன்றும் கேலி செய்கிறோம். நாட்டை மீட்டவள் பெயர் வசைச்சொல் ஆகிவிட்டது. அர்ச்சுனன் தர்பார் என்று யாரையாவது வைதது உண்டா?

நல்லதங்காள் கதையும் அப்படித்தான். பஞ்சத்தில் ஏழு குழந்தைகளோடு பிறந்த வீட்டுக்கு வருகிறாள். அண்ணி மூளி அலங்காரி விரட்டுகிறாள். பிள்ளைகளைக் கிணற்றில் போட்டுத் தானும் விழுகிறாள். கேட்டவர்கள் எல்லோரும் மூளியைச் சபித்தார்கள். பிறந்த வீட்டில் அவளுக்கு ஒரு குழி நிலமாவது பங்கு இருந்திருந்தால் அண்ணியின் வாசலில் நின்றிருப்பாளா என்று எவரும் கேட்கவில்லை. பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் மகனைப் போலப் பங்கு என்று தமிழ்நாட்டில் சட்டம் வந்தது 1989-ல்தான்.

பிறகு சினிமா வந்தது. 1963-ல், ஒரே வருஷத்தில், சிவாஜி கணேசன் நடித்த 'அறிவாளி'யும் எம்.ஜி.ஆர். நடித்த 'பெரிய இடத்துப் பெண்'ணும் வெளியாயின. 1972-ல் 'பட்டிக்காடா பட்டணமா'. 1992-ல் ரஜினிகாந்தின் 'மன்னன்'. நடிப்பையும் பாட்டையும் குறை சொல்ல நாம் வரவில்லை. நாலிலும் உள்ள சரக்கு ஒன்று என்கிறோம். திமிர் பிடித்தவள் என்று ஒரு பெண்ணைக் காட்டுவார்கள். பெரும்பாலும் பணக்காரி, படித்தவள். ஆண்மகன் ஒருவன் வந்து அவளை அடக்குவான். கொட்டகை அதிரும். 'அறிவாளி'யின் கதை ஷேக்ஸ்பியர் நாடகத்திலிருந்து வந்தது. ஆகவே இது நம் ஊரில் மட்டும் விற்கிற சரக்கும் இல்லை.

'மன்னன்' படத்தை ஆலைத் தோழர்கள் கொஞ்சம் கூர்ந்து பார்க்க வேண்டும். அதில் விஜயசாந்தி ஏற்ற பாத்திரம் ஒரு தொழிலதிபர். அவரிடம் வேலை பார்க்கிற தொழிலாளி, தொழிற்சங்கத் தலைவனும் ஆகிற கதாநாயகன். மூலதனத்துக்கும் உழைப்புக்கும் நேருக்கு நேர் மோதல் என்று நினைத்து நிமிர்ந்து உட்காருகிறோம். முடிவு என்ன? முதலாளியம்மாள் நிர்வாகத்தை விட்டுவிட்டுக் குடும்பத் தலைவியாக வீட்டோடு அமைகிறாள். முதலாளி என்பதற்காக அவள் தோற்கவில்லை. பெண் என்பதால் தோற்கிறாள். வெளியே வருகிற தொழிலாளியின் மனதில் வர்க்கப் போராட்டத்தில் ஜெயித்த திருப்தி! அதே நாற்காலியில் ஒரு ஆண் முதலாளி உட்கார்ந்திருந்தால் கதாநாயகன் எப்படி அடக்கியிருப்பான்? தாலி கட்டியா?

பணக்காரன் மீது ஏழைக்கு இருக்கிற நியாயமான கோபத்தை எடுத்து, பணக்காரன் வீட்டுப் பெண்ணின் பக்கம் திருப்பிவிடுகிற வித்தை இது. கோபமும் தீர்ந்துபோகிறது, பணப்பெட்டியும் பத்திரமாக இருக்கிறது. டிக்கெட்டுக் காசு மட்டும் நம்முடையது.

கதாநாயகனின் ஆண்மைக்கு இன்னொரு லட்சணம், தனியாக நின்று நாற்பது பேரை அடிப்பது. உதவி கேட்க மாட்டான், அழமாட்டான். ஸ்பின்னிங்கில் ஒருவன் தனியாக மேஸ்திரியை எதிர்த்து நின்றால் சாயங்காலத்துக்குள் வெளியே போவான் என்பதை இங்கே யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. நாற்பது பேர் சேர்ந்து நின்றால்தான் நமக்குப் பலம். ஷிப்டு போய்விட்டது என்று பெண்டாட்டியிடம் வாய் திறந்து சொன்னால் ஆம்பளைத்தனம் குறைந்துவிடும் என்று, கந்துக்கடை ஒன்று, மதுக்கடை ஒன்று என ஏறி இறங்குகிற வாலிபர்களை நாம் தினமும் பார்க்கிறோம். அந்த மௌனத்தில் வாழ்கிறவன் கந்துக்காரன்.

இப்போது கூலிக்கு வருவோம்.

குடும்பத்துக்குச் சோறு போடுகிறவன் ஆண், பெண் சம்பாதிப்பது உப்பு புளிக்கு, மேல் செலவுக்கு. இதுவும் ஒரு கதைதான், தோழர்களே. எந்தப் புத்தகத்திலும் அச்சாகவில்லை, ஆனால் ஒவ்வொரு வரப்பிலும் இதுதான் ஓடுகிறது. ஆண் கூலி, பெண் கூலி என்று இரண்டு விலை அதிலிருந்துதான் பிறக்கிறது. ஏர் பிடிப்பது கடினம், நடவு லேசு என்று நியாயமும் சொல்வார்கள். டிராக்டர் வந்தது, ஏர் போயிற்று. கூலி வித்தியாசம் மட்டும் போகவில்லை. நடவுக்காரத் தாய் ஒருவர் நம்மிடம் கேட்டார்: "ஏன் தம்பி, சேத்துல காலையிலேருந்து குனிஞ்சு நிக்கிறேன். பொம்பளை முதுகுன்னு வலி பாதியா வருதா?" நம்மிடம் பதில் இல்லை, அவரும் எதிர்பார்க்கவில்லை. நாற்று முடியை எடுத்துக்கொண்டு வயலில் இறங்கிவிட்டார்.

சட்டம் இல்லாமல் இல்லை. ஒரே வேலைக்கு ஒரே ஊதியம் என்று 1976-ல் சட்டம் வந்தது. 2019 ஊதியச் சட்டத் தொகுப்பிலும் ஊதியத்தில் பேதம் கூடாது என்ற விதி இருக்கிறது. 2005 சட்டப்படி நடந்த நூறு நாள் வேலையில் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலிதான் எழுதினார்கள். அதனால் எந்த ஆணின் மீசையும் உதிர்ந்துவிடவில்லை.

ஆலையின் கதை வேறு விதமாகப் போயிற்று. முன்பு ரீலிங்கிலும் வைண்டிங்கிலும் பெண்கள் இருந்தார்கள். இரவு 7 மணி முதல் காலை 6 மணி வரை பெண்களுக்கு வேலை தரக் கூடாது என்று 1948 தொழிற்சாலைச் சட்டம் சொன்னது. பாதுகாப்புக்கு வந்த விதிதான். ஆனால் மூன்று ஷிப்டு ஓடுகிற மில்லில் பெண்ணை எடுக்காமலிருக்க அது நல்ல சாக்காகவும் உதவியது. மில் வேலை ஆண் வேலை என்று ஆண்களும் நம்பினார்கள். பிறகு என்ன நடந்தது? 1990-களுக்குப் பிறகு கோவை, திருப்பூர், திண்டுக்கல் வட்டாரங்களின் நூற்பாலைகளில் முதலாளிகளுக்குத் திடீரென்று பெண்கள் மீது பிரியம் வந்தது. கலியாணமாகாத பெண்களை ஹாஸ்டலில் அடைத்து, சில வருஷம் உழைத்தால் கலியாணச் செலவுக்கு மொத்தமாகப் பணம் தருவதாகச் சொன்னார்கள். சுமங்கலித் திட்டம் என்று மங்கலமான பெயர்! இடையில் நின்றால் பணம் இல்லை. வெளியே போக அனுமதி இல்லை. சங்கத்தின் நிழலும் படாது.

அந்தப் பெண்களை ஏன் அவ்வளவு மலிவாக வாங்க முடிந்தது? பெண் சம்பாத்தியம் மேல் செலவுக்கு என்று ஊரே ஒப்புக்கொண்டிருந்ததால். நிரந்தர வேலையில் இருந்த ஆண்களின் இடத்தில் அந்த மலிவு வந்து உட்கார்ந்தது. பெண்ணுக்குப் பாதிக் கூலி போதும் என்று நாமே விலை குறித்துக் கொடுத்தால், முழுக் கூலிக்காரனை முதலாளி எதற்காக வைத்திருக்க வேண்டும்? ஆண் என்ற பெருமைக்கு ஆண் தொழிலாளி கொடுத்த விலை அவனுடைய வேலை.

ஆகவேதான் இந்தக் கோரிக்கை மகஜரைக் கையில் எடுத்து வந்திருக்கிறோம். விவசாயக் கூலிப் பகுதியில் ஆண், பெண் என்று இரண்டு பத்தி போட்டிருக்கிறது. இரண்டாவது பத்தியை அடித்துவிட வேண்டும் என்பது நம் யோசனை. பெண்ணுக்கும் அதே தொகை கேட்டால் ஆணுக்கும் உயராது என்று பின்வரிசையில் ஒரு தோழர் சொல்கிறார். இரண்டு விலை இருக்கிறவரை மிராசுதார் எப்போதும் குறைந்த விலையைக் காட்டித்தான் பேசுவார், தோழரே. அது உங்கள் கூலியையும் சேர்த்துத்தான் கீழே இழுக்கும்.

பேச்சுவார்த்தைக் குழுவில் ஐந்து பெயர் எழுதியிருக்கிறது. ஐந்தும் ஆண்கள். நடவுப் பெண்களில் இரண்டு பேரும் வைண்டிங்கிலிருந்து ஒருவரும் சேர வேண்டும். ராத்திரிப் பேச்சு நீண்டால் குழந்தைகளை யார் பார்ப்பது என்று முன்வரிசைச் சகோதரி கேட்கிறார். நியாயமான கேள்வி. அவருடைய வீட்டுக்காரரும் இங்கேதான் உட்கார்ந்திருக்கிறார். அவரே எழுந்து பதில் சொல்லட்டும். காகிதம் செயலாளர் தோழரிடம் இருக்கிறது. பெயர்களைச் சொல்லுங்கள், எழுதிக்கொள்வோம்.