போர்க்களத்துப் பொய்

(எமது மன்றக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



போரிலே பகைவனை ஏமாற்றும் வித்தை பற்றிப் பேச விரும்பினோம். இந்து வாலிபர் மேடைக்கு இது ஏற்ற பொருளா என்று மூத்தோர் சிலர் வினவினர். மாத்தளையில் இதைவிட ஏற்ற பொருள் வேறில்லை என்பதே எமது விடை. நமது நகரிலே மக்டோவல் கோட்டையின் வாயில் இன்றும் நிற்கிறது. உள்ளே இருப்பது இடுகாடு. 1803இல் ஆங்கிலேயர் எழுப்பிய அக்கோட்டை அவ்வாண்டிலேயே கைவிடப்பட்டது. ஏன் என்பதற்கு விடை கண்டியரின் போர்முறையில் உண்டு.

அம்முறையின் முதற்பாடம் ஓடுவது போல ஓடுதல். பகைவனைக் கணவாய்களினூடே வரவிடுவர். தலைநகரையும் வெறுமையாக்கி விட்டுவிடுவர். வென்றோம் என்று அவன் மகிழ்ந்திருக்க, வழிகள் அடைபடும், உணவு வராது, மழையும் காய்ச்சலும் வந்து சேரும். அவன் திரும்பும்போதுதான் உண்மையான போர் தொடங்கும்.

இரண்டாவது பாடம் எழுத்தாணியால் நடந்தது. 1594இல் போர்த்துக்கேயத் தளபதி பேரோ லோப்பஸ் த சோசா, குசுமாசன தேவியை அரியணையேற்றக் கண்டிக்கு வந்தார். அவருடைய பலமெல்லாம் ஜயவீர பண்டாரவின் கீழிருந்த உள்ளூர்ப் படையே. ஜயவீரவுக்கு எழுதியது போன்ற ஒரு பொய்க்கடிதம் போர்த்துக்கேயர் கையிற் சிக்குமாறு விமலதர்மசூரியன் செய்தான். அவர்கள் அதை நம்பித் தம் துணைவனையே கொன்றனர். உள்ளூர் வீரர் கலைந்தனர். தந்துறையில் அப்படை அழிந்தது. ஓர் ஓலை ஒரு சேனையைத் தின்றது எனலாம்.

இனி 1803. பெப்ரவரியில் மக்டோவல் கொழும்பிலிருந்தும், பார்பட் திருக்கோணமலையிலிருந்தும் படை நடத்தி வந்தனர். கண்டி வெறுமையாய்க் கிடந்தது. முத்துசாமி என்பாரை அரசராக்கினர். வணங்க வருவார் இல்லை. முதலமைச்சர் பிலிமத்தலாவை, அரசர் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கர் ஹங்குராங்கெத்தையில் இருக்கிறார், எளிதிற் பிடிக்கலாம் என்று நயமாகச் சொல்லியனுப்பினார். (தேசாதிபதி நோர்த்தும் அதே அமைச்சரோடு முன்பு இரகசியம் பேசியவர்தாம், அதையும் மறத்தலாகாது.) நம்பிச் சென்ற படை அரசரைக் காணாது, வழியெல்லாம் சுடப்பட்டுத் திரும்பிற்று.

இதுவரை நடந்தவற்றை நாம் குறை கூறோம். சிறிய நாடு பெரிய பீரங்கியோடு வேறு எவ்வாறு பொருதும்? ஆனால் யூன் 24இல், காய்ச்சலால் நொந்த படையோடு மேஜர் டேவி, திருக்கோணமலைக்குப் போகவிடுவதாக வாக்குப் பெற்று நகரை ஒப்படைத்தார். வட்டபுளுவையில் மகாவலி பெருகியிருந்தது, கடக்க வழியில்லை. முத்துசாமியைக் கேட்டனர், கொடுத்தார். ஆயுதங்களைக் கேட்டனர், அவையும் போயின. பின்னர் வீரர்கள் வெட்டப்பட்டனர். வாக்கு நிறைவேறியிருந்தால் அவர்கள் நமது மாத்தளை வழியாகவே சென்றிருப்பர்.

பொய்க்கடிதம் விழித்திருக்கும் பகைவன்மேல் எய்த அம்பு. வட்டபுளுவையில் நடந்ததோ, நம்பி ஆயுதத்தைக் கீழே வைத்தவனைக் கொன்றது. இரண்டையும் ஒரே தராசில் வைக்க எமக்கு மனம் வரவில்லை.

பிற நாட்டாரும் இவ்வித்தையில் வல்லவரே. பள்ளிக்கூடத்து விவிலிய பாடத்திலே, கிதியோன் முந்நூறு பேரோடு குடங்களுள் தீவட்டிகளை மறைத்துப் பெருஞ்சேனையை ஓட்டிய கதையைப் படித்தோம். நம்மவரின் பெருங்கதையிலோ, போர்வீரரை வயிற்றில் மறைத்த பொறியானையால் உதயணன் சிறைப்பட்டான். 1944இல் மவுண்ட்பேற்றன் பிரபுவின் தலைமையகம் பேராதனைப் பூந்தோட்டத்துக்கு வந்தது. அதன்கீழ்ப் பர்மாவிற் போரிட்ட தளபதி சிலிம், 1945இல் ஒரு படைப்பிரிவை மெய்க்தீலா நோக்கி மறைவாக அனுப்பினார்; அது பழைய இடத்திலேயே நிற்பதுபோலப் போலி வானொலிச் செய்திகளை ஓயாது அனுப்பச் செய்தார். யப்பானியர் நம்பினர்.

பாரதத்திலே, துரோணரை வீழ்த்தத் தருமர் சொன்ன பாதிப் பொய்யால், நிலந்தோயாது ஓடிய அவருடைய தேர் மண்ணில் இறங்கிற்று. வியாசர் வெற்றியையும் மறைக்கவில்லை, தேர் இறங்கியதையும் மறைக்கவில்லை.

பெரியபுராணத்து மெய்ப்பொருளாரை இங்கு அறியாதார் இல்லை. போரிற் பலமுறை தோற்ற முத்தநாதன், திருநீறு பூசிச் சிவனடியாராய் வந்து அவரைக் குத்தினான். தத்தன் வாளை ஓங்கினான். அரசர் தடுத்தார். இவனுக்கு ஊறு நேராமல் ஊரெல்லை கடத்திவிட்டு வா என்று தத்தனையே துணையாக அனுப்பினார். அவன் பத்திரமாய்ப் போய்விட்டான் என்ற செய்தியைத் தத்தன் கொண்டுவரும் வரையில் உயிரைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார்.