மூலையில் நிற்கும் கால் மிஷின்



ஒரு வீட்டை நினைத்துப் பாருங்கள். அந்த வீட்டின் மூலையில் ஒரு பழைய தையல் மிஷின் நிற்கிறது. காலால் மிதித்துத் தைக்கும் மிஷின். பாட்டி தைத்தது. பாட்டி இப்போது இல்லை. பெல்ட் அறுந்து கிடக்கிறது. பலகையின் மேல் பழைய செய்தித்தாளும் துணி மூட்டையும் குவிந்திருக்கின்றன.

ஒரு நாள் பழைய இரும்பு வாங்குபவர் வருகிறார். மிஷினைப் பார்க்கிறார். "எடை போட்டு எடுத்துக்கொள்கிறேன்" என்கிறார்.

மறுநாள் இன்னொருவர் வருகிறார். அவர் மெதுவான குரலில் பேசுகிறார். "இது வெளிநாட்டு மிஷின். இதற்குள் விலை மதிப்பில்லாத பொருள் இருக்கிறது. பல லட்சத்துக்குப் போகும். சோதனை செய்ய முதலில் கொஞ்சம் பணம் கட்டுங்கள்" என்கிறார்.

இந்த இருவரில் யார் சொல்வது சரி?

இருவர் சொல்வதும் சரியில்லை. அந்த மிஷின் வெறும் இரும்பும் இல்லை. புதையலும் இல்லை. அப்படியானால் அது என்ன? அதைத் தெரிந்துகொள்ள அதன் கதையைக் கேட்க வேண்டும்.

மிஷின் வந்த கதை

ஒரு காலத்தில் எல்லாத் துணியையும் கையால்தான் தைத்தார்கள். ஒரு சட்டை தைக்க ஒரு நாள் முழுவதும் ஆகும். இரவில் விளக்கு வெளிச்சத்தில் தைத்துத் தைத்துக் கண் கெட்டவர்கள் பலர்.

1830ஆம் ஆண்டு பிரான்சு நாட்டில் திமோனியே என்ற தையல்காரர் ஒரு தையல் மிஷினுக்கு உரிமை பெற்றார். பாரிஸ் நகரில் இராணுவத்துக்கு உடை தைக்க அந்த மிஷின்களை வைத்தார்கள். மற்றத் தையல்காரர்கள் பயந்துபோனார்கள். "இந்த மிஷின் நம் பிழைப்பைக் கெடுத்துவிடும்" என்று நினைத்தார்கள். கூட்டமாக வந்து மிஷின்களை உடைத்துப் போட்டார்கள்.

அமெரிக்காவில் எலியாஸ் ஹோவ் என்பவர் 1846ஆம் ஆண்டு வேறொரு மிஷினுக்கு உரிமை பெற்றார். அதில் மேலே ஒரு நூல், கீழே ஒரு நூல். இரண்டும் துணியின் நடுவே பின்னிக்கொள்ளும். இன்றும் வீட்டு மிஷின்கள் இப்படித்தான் தைக்கின்றன.

1851ஆம் ஆண்டு ஐசக் சிங்கர் என்பவர் தம் மிஷினுக்கு உரிமை பெற்றார். அதைக் காலால் மிதித்து ஓட்டலாம். இரண்டு கையும் துணியைப் பிடிக்கக் கிடைத்தன. வேலை வேகமாக நடந்தது. ஆனால் விலை அதிகம். அதனால் சிங்கர் கம்பெனி தவணை முறையைக் கொண்டுவந்தது. கொஞ்சம் கொஞ்சமாகப் பணம் கட்டி மிஷினைச் சொந்தமாக்கிக்கொள்ளலாம். ஏழைத் தையல்காரர் வீட்டுக்கும் மிஷின் வந்தது.

நம் நாட்டில்

இந்தியாவுக்கும் சிங்கர் மிஷின் கப்பலில் வந்தது. பம்பாய், கல்கத்தா, சென்னை போன்ற நகரங்களில் இருந்து சிறிய ஊர்களுக்கும் போனது. கடைத் திண்ணையில் உட்கார்ந்து தைக்கும் தையல்காரரை எல்லா ஊரிலும் பார்க்க முடிந்தது.

காந்தியடிகள் இயந்திரங்களை அதிகம் விரும்பாதவர். 1924ஆம் ஆண்டு ராமச்சந்திரன் என்ற இளைஞர் அவரிடம் கேட்டார். எல்லா இயந்திரமும் வேண்டாம் என்கிறீர்களா என்று கேட்டார். காந்தியடிகள் இல்லை என்றார். சிங்கர் தையல் மிஷினுக்கு அவர் விலக்குக் கொடுத்தார். மனிதரின் உழைப்பைக் குறைத்து உதவும் பொருள் என்று அதைப் பாராட்டினார். அந்த இளைஞர்தான் பிற்காலத்தில் திண்டுக்கல் அருகே காந்தி கிராமத்தை உருவாக்கியவர்களில் ஒருவர்.

1930களில் கல்கத்தாவில் உஷா மிஷின் பிறந்தது. பஞ்சாபில் லூதியானா நகரம் தையல் மிஷினுக்கும் அதன் உதிரிப் பாகங்களுக்கும் பேர் பெற்றது.

எத்தனையோ குடும்பங்களை இந்த மிஷின் காப்பாற்றியது. கணவனை இழந்த பெண்கள் இதை மிதித்துப் பிள்ளைகளைப் படிக்க வைத்தார்கள். தமிழ்நாட்டில் ஆயுத பூசை அன்று இதற்குச் சந்தனம், குங்குமம் வைக்கிறார்கள். வங்காளத்தில் விசுவகர்மா பூசை அன்று தொழிற் கருவிகளை வணங்குகிறார்கள். சோறு போட்ட கருவிக்குச் செய்யும் மரியாதை அது.

சேகரிப்பவர்கள்

பழைய நாணயம், பழைய தபால்தலை சேகரிப்பவர்களை நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். பழைய தையல் மிஷினையும் சேகரிக்கிறார்கள். மும்பையில் சோர் பஜார் என்ற பழம்பொருள் சந்தை இருக்கிறது. காரைக்குடியிலும் பழம்பொருள் கடைகள் இருக்கின்றன. இப்படிப்பட்ட இடங்களுக்குச் சேகரிப்பவர்கள் தேடி வருகிறார்கள்.

இவர்களில் இரண்டு வகை உண்டு. ஒரு வகையினர் மிஷினைச் சுத்தம் செய்கிறார்கள். எண்ணெய் விடுகிறார்கள். புதுத் தோல் பெல்ட் மாட்டுகிறார்கள். மறுபடியும் தைக்க வைக்கிறார்கள். மற்றொரு வகையினருக்கு அழகு மட்டும் போதும். பூ வேலை செய்த இரும்புக் காலை மட்டும் எடுத்து, மேலே கண்ணாடி வைத்து மேசையாக்குகிறார்கள். தலைப் பகுதியைக் கழித்துவிடுகிறார்கள். தலை வேறு, கால் வேறு ஆகிவிட்டால் அந்த மிஷினைக் காலால் மிதித்துத் தைக்க முடியாது.

சேகரிப்பவர்கள் எதைப் பார்க்கிறார்கள்? தலை, கால், பலகை, இழுப்பறை எல்லாம் சேர்ந்து இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். கறுப்பு உடம்பின் மேல் உள்ள தங்க நிறப் படம் அழியாமல் இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். உள்ளே படகு போன்ற நீண்ட ஷட்டில் இருக்கிறதா, வட்டமான பாபின் இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். படகு ஷட்டில் பழைய வகை. அது தொலைந்தால் வேறு கிடைப்பது கடினம்.

முக்கியமாக, எண்ணைப் பார்க்கிறார்கள்.

எண் சொல்லும் செய்தி

சிங்கர் மிஷினின் அடித்தட்டில், கைச்சக்கரத்தின் பக்கம், ஓர் எண் பொறித்திருக்கும். அது மிஷினின் பிறப்புச் சீட்டு போன்றது. 1900ஆம் ஆண்டுக்கு முன் செய்த மிஷினில் எண் மட்டும் இருக்கும். அதற்குப் பிறகு செய்த மிஷினில் எண்ணுக்கு முன்னால் ஆங்கில எழுத்தும் இருக்கும். ஜே, எஃப், ஒய் என்ற எழுத்துகளில் ஒன்று மட்டும் இருந்தால், அது ஸ்காட்லாந்து நாட்டில் கிளைட்பேங்க் ஊரில் செய்தது. எந்த எண் எந்த ஆண்டு என்று பட்டியல் இருக்கிறது. எண்ணைத் தாளில் எழுதி வைத்துக்கொண்டால், விவரம் தெரிந்தவரிடம் காட்டி ஆண்டைக் கண்டுபிடிக்கலாம்.

கிளைட்பேங்க் தொழிற்சாலை 1885ஆம் ஆண்டு தொடங்கியது. 1980ஆம் ஆண்டு மூடப்பட்டது. 1913ஆம் ஆண்டு மட்டும் பத்து லட்சத்துக்கும் அதிகமான மிஷின்கள் அங்கிருந்து போயின. இதிலிருந்து ஓர் உண்மை புரியும். பழைய சிங்கர் மிஷின் உலகில் ஏராளமாக இருக்கிறது. பழையது என்பதாலேயே அது லட்சக்கணக்கில் விலை போகாது.

ஒரு வதந்தி

2009ஆம் ஆண்டு சவுதி அரேபியாவில் ஒரு வதந்தி பரவியது. பழைய சிங்கர் மிஷினின் ஊசியில் "சிவப்புப் பாதரசம்" இருக்கிறது என்றார்கள். செல்போனை ஊசி அருகே கொண்டு போனால், பேச்சு துண்டித்துவிட வேண்டுமாம். அதுதான் அடையாளமாம்! சந்தையில் கூட்டம் முண்டியடித்தது. பழைய மிஷினுக்குப் பெரிய பெரிய விலை சொன்னார்கள். போலீசார் விசாரித்தார்கள். எல்லாம் பொய் என்று தெரிந்தது. ஊசி வெறும் எஃகு. நூலும் எண்ணெயும் தவிர அந்த மிஷினுக்குள் வேறு எதையும் யாரும் வைக்கவில்லை.

எனவே, மிஷினுக்குள் மருந்து இருக்கிறது, புதையல் இருக்கிறது என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். சோதனைக்கு என்று ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள்.

என்ன செய்யலாம்?

முதலில் துணியால் தூசி துடையுங்கள். உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள். தங்க நிறப் படத்தின் மேல் ஸ்பிரிட் தடவாதீர்கள். படம் போனால் மறுபடி வராது.

எண்ணெய்த் துளைகளில் மிஷின் எண்ணெய் விடுங்கள். சமையல் எண்ணெய் கூடாது. அது பிசின் போல ஒட்டிக்கொள்ளும். ஒரு நாள் கழித்துக் கைச்சக்கரத்தை மெதுவாகச் சுற்றிப் பாருங்கள். பல மிஷின்கள் அசைந்து கொடுக்கும்.

எண்ணை எழுதி வையுங்கள். ஊரில் உள்ள பழைய தையல்காரரைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். விற்க வேண்டும் என்றால், இரண்டு மூன்று இடத்தில் விலை கேளுங்கள். தலையையும் காலையும் பிரித்து விற்காதீர்கள்.

ஆனால் விற்பதற்கு முன் ஒன்றை யோசியுங்கள். பெல்ட் மாட்டி எண்ணெய் விட்டால் அது நாளைக்கே தைக்கும். மின்சாரம் வேண்டாம். வீட்டில் ஒரு மகளோ மருமகளோ தையல் கற்றுக்கொண்டால், பாட்டிக்குச் சோறு போட்ட மிஷின் பேத்திக்கும் சோறு போடும்.

எடைக்குப் போட்டால் ஒரு நாள் செலவுக்குப் பணம் வரும். மிதித்தால் பல நாள் வரும்.

எழுதப் படிக்கத் தெரிந்த கை எண்ணைப் படிக்கும். எண்ணைப் படித்தவரை எளிதில் ஏமாற்ற முடியாது. இன்று வீட்டுக்குப் போனதும் அந்தத் துணி மூட்டையை இறக்கி வையுங்கள். தூசியைத் துடையுங்கள். எண்ணைப் படித்துப் பாருங்கள்.