சிறிய வீட்டில் செவ்வனே வாழ்தல்



வெளி மாநிலத்தில் தமிழர் இருவர் முதன்முதலாகச் சந்தித்தால் மூன்று வினாக்கள் எழுவது வழக்கம். சொந்த ஊர் எது? எந்த அலுவலகம்? வீடு எங்கே? முதலிரண்டு வினாக்களுக்கும் நிமிர்ந்து விடை கூறும் நாம், மூன்றாவது வினா வந்ததும் குரலைச் சற்றே தாழ்த்திக்கொள்கிறோம். "ஏதோ சிறிய இடம், காலம் ஓடுகிறது" என்கிறோம். அந்தச் சிறிய இடத்தைப் பற்றியே இன்று தங்களுடன் சில நிமிடங்கள் பேச விரும்புகிறேன்.

நான் கட்டடக்கலை பயின்றவன் அல்லன். கலைப் பட்டம் பெற்று, மத்திய அரசில் மொழிபெயர்ப்பாளனாகத் தலைநகரில் பணியாற்றுபவன். முதலில் ஒரு மொட்டைமாடி அறையிலும், பிறகு இரண்டு அறைகள் கொண்ட அரசுக் குடியிருப்பிலும் காலம் கழித்தவன். இப்பொருளை நான் ஆராயத் தொடங்கியதற்குக் காரணம் என் தாயார்.

2018-ஆம் ஆண்டில், தந்தையார் மறைந்த பின்னர், அம்மாவை எங்களுடன் வைத்துக்கொள்ள அழைத்து வந்தோம். மூன்று வாரங்கள் கழிந்தன. ஒருநாள் மாலை, ஊருக்குப் பயணச்சீட்டு எடுத்துவிடும்படி அம்மா அமைதியாகக் கேட்டார். குறை என்னவென்று வற்புறுத்திக் கேட்டதற்கு அவர் கூறிய விடை ஒரே வாக்கியம்: "படுக்க இடம் இருக்கிறதப்பா, உட்காரத்தான் இடமில்லை." அம்மா ஊருக்குத் திரும்பினார். அந்த வாக்கியம் எங்கள் வீட்டிலேயே தங்கிவிட்டது.

சிறிய இடத்தில் பலர் வாழ்வதற்கான வழிகளைத் தேடியபோது, எனக்கு முதலாசிரியராக வாய்த்தது நாம் ஊருக்குச் செல்லும் இரயில் வண்டிதான். சென்னைப் பெரம்பூரில் 1955-ஆம் ஆண்டு உற்பத்தியைத் தொடங்கிய இணைப்புப் பெட்டித் தொழிற்சாலையின் பழைய வகைத் தூங்கும் வசதிப் பெட்டியை எண்ணிப் பாருங்கள். அதில் 9 பகுதிகள். பகுதிக்கு 8 பேர். ஆக 72 பேர். இரண்டு இரவும் ஒரு பகலும் அத்தனை பேரும் அதில் உண்டு, உறங்கி, உரையாடி, சீட்டாடி, குழந்தையைத் தாலாட்டி ஊர் போய்ச் சேர்கிறார்கள். நடுப் படுக்கை பகலில் முதுகுக்குச் சாய்மானம்; இரவில் கட்டில். ஓரத்து இருக்கைகள் இரண்டும் கீழே மடிந்தால் ஒரு படுக்கை. பெட்டி படுக்கைகளோ இருக்கைக்கு அடியில் அடங்கிவிடுகின்றன.

இதில் தச்சு வேலையைவிட முக்கியமானது ஒரு விதி. இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரையே நடுப் படுக்கையை விரிக்கலாம் என்பது 2017-இல் திருத்தப்பட்ட ஏற்பாடு. அஃதாவது, அங்கே இடத்தைப் பங்கிடுவது சுவர் அன்று, கடிகாரம். ஓர் அறையை இரண்டாக்கச் சுவர்தான் எழுப்ப வேண்டும் என்பதில்லை. பகலுக்கு ஒன்று, இரவுக்கு ஒன்று எனக் காலத்தாலும் பிரிக்கலாம்.

ஜப்பானியர் இக்கலையில் தேர்ந்தவர்கள். அவர்களது பழைய மரபு வீட்டில் அறையின் அளவையே பாய்க் கணக்கில் கூறுவர். நாலரைப் பாய் அறை, ஆறு பாய் அறை என்பர். காலையில் மெத்தையைச் சுருட்டிச் சுவர் அலமாரிக்குள் வைத்துவிட்டால், படுக்கையறை விருந்தறையாகிவிடும். இதைக் கேட்டு நாம் வியக்க வேண்டியதில்லை. பாயைச் சுருட்டி மூலையில் சாத்திய வீடுகளில்தானே நம்மிற் பலர் பிறந்தோம்? பானையை உறியில் தொங்கவிட்டோம். விளக்கைச் சுவர் மாடத்தில் வைத்தோம். பருவத்துக்கு ஒருமுறை தேவைப்படும் அண்டாவைப் பரணில் ஏற்றினோம். குழந்தைக்கு விட்டத்தில் தூளி கட்டினோம். தரையைக் காலியாக விட்டு, சுவரையும் கூரையையும் வேலை வாங்கியது நம் பழைய வீடு. நகரத்துக்கு வந்த பின், அந்தத் தரையைக் கட்டிலாலும் சோபாவாலும் நிரப்பிவிட்டு, இடம் போதவில்லை என்று வருந்துகிறோம்.

அடுத்து, அடுக்களை. ஜெர்மனியின் பிராங்க்பர்ட் நகரில் முதல் உலகப் போருக்குப் பின் பெரும் வீட்டுப் பஞ்சம் ஏற்பட்டது. அந்நகராட்சி கட்டிய தொழிலாளர் குடியிருப்புகளுக்கென 1926-ஆம் ஆண்டில் மார்கரெட்டே ஷூட்டே-லிஹோட்ஸ்கி என்ற ஆஸ்திரியப் பெண்மணி ஒரு சமையலறையை வகுத்தார். அகலம் 1.9 மீட்டர், நீளம் 3.4 மீட்டர். இரயில் வண்டியின் உணவுப் பெட்டியில் உள்ள சமையற்கட்டை அவர் முன்மாதிரியாகக் கொண்டார் என்பது நாம் கவனிக்கத்தக்கது. சமைப்பவர் எத்தனை அடி நடக்கிறார், எத்தனை முறை குனிகிறார் என்பதைக் கணக்கிட்டு அடுப்பு, கழுவுதொட்டி, மேடை ஆகியவற்றின் இடம் குறிக்கப்பட்டது. மாவுக்கும் அரிசிக்கும் பருப்புக்கும் பெயர் பொறித்த சிறு இழுப்பறைகள் அமைந்தன. துணி தேய்க்கும் பலகை சுவரோடு மடிந்து நின்றது. ஏறத்தாழ 10,000 வீடுகளில் அச்சமையலறை பொருத்தப்பட்டது. இன்று நாம் காணும் மேடை அடுக்களைகளுக்கு அதுவே முன்னோடி எனலாம்.

எனினும் அதற்கு ஒரு குறை கூறப்பட்டது. அவ்வடுக்களையில் ஒருவர் மட்டுமே நிற்க முடியும். வேலை எளிதாயிற்று, ஆனால் அவ்வேலை பெண் ஒருத்தியின் தனிப் பொறுப்பாகவும், தனிமையாகவும் ஆயிற்று. இடத்தை அளப்பவர்கள், அவ்விடத்தில் யார் யாருடன் இருக்க வேண்டும் என்பதையும் அளக்க வேண்டும் என்ற பாடத்தை அது நமக்குத் தருகிறது.

மூன்றாவதாக ஒரு குடிசை. சண்டிகர் நகரை அமைத்த கட்டடக் கலைஞர் லெ கார்புசியேயை நேயர்கள் அறிவார்கள். பெரும் பெரும் அரசாங்க மாளிகைகளுக்குக் கோடு வரைந்துகொண்டிருந்த அதே காலத்தில், 1952-இல், பிரான்சு நாட்டுத் தென்கடற்கரையில் தமக்கென ஒரு மரக்குடிலைக் கட்டிக்கொண்டார். நீளம் 3.66 மீட்டர், அகலமும் அதுவே. நம் கணக்கில் 12 அடி சதுரம். உயரம் 2.26 மீட்டர். படுக்கை, மேசை, கைகழுவும் தொட்டி, அலமாரி யாவும் அதற்குள் அடக்கம். சன்னற் கதவின் உட்புறத்தில் கண்ணாடி பதித்து, வெளியே உள்ள கடலை அறைக்குள் வரவழைத்தார். சண்டிகரின் அரசு வளாகமும் இச்சிறு குடிலும் 2016-ஆம் ஆண்டில் ஒரே பட்டியலில் உலகப் பாரம்பரியச் சின்னங்களாக ஏற்கப்பட்டன.

ஆனால் அக்குடிலில் அடுக்களை இல்லை! அடுத்திருந்த சிற்றுண்டிச் சாலைக்கு ஒரு கதவு வைத்துக்கொண்டார், உணவு அங்கே. குளிப்பும் உலாவலும் வெளியே, கடற்கரையில். ஆகவே, வீடு சிறிதாக இருக்கலாம். அந்த வீட்டுக்கு வெளியே கை நீட்டினால் எட்டும் தூரத்தில் ஏதேனும் ஒன்று பெரிதாக இருக்க வேண்டும்.

மும்பையில் வாழும் நேயர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. அங்கே 1920-களில் கட்டப்பட்ட பி.டி.டி. சால்களில் ஒரு குடும்பத்துக்குக் கிடைத்தது 160 சதுர அடி அறை. அதில் வாழ்க்கை நடக்க முடிந்ததற்குக் காரணம், கதவுக்கு வெளியே இருந்த நீண்ட பொது நடைவழி. பிள்ளைகள் படித்ததும், பெண்கள் அரிசி புடைத்ததும், முதியவர் காற்று வாங்கியதும் அங்கேதான். நம் ஊர்த் திண்ணை செய்த பணியை அந்நகரில் அந்நடைவழி செய்தது. ஆயினும், அதே கட்டடங்களில் கழிப்பிடமும் பொதுவாக இருந்ததால் மக்கள் பட்ட துன்பத்தையும் நாம் மறத்தலாகாது. பகிரத்தக்கது எது, பகிரத்தகாதது எது என்பதில் தெளிவு வேண்டும்.

இனி, காற்று. அகமதாபாத்தில் 1961-62-இல் கட்டடக் கலைஞர் சார்லஸ் கொரேயா ஒரு மாதிரி வீட்டை அமைத்தார். அதற்குக் குழாய் வீடு என்று பெயர். அகலம் 12 அடி மட்டுமே, நீளம் மிகுதி. சரிந்து உயரும் கூரையின் உச்சியில் ஒரு திறப்பு. சூடான காற்று மேலெழுந்து அதன் வழியே வெளியேற, கீழே குளிர்ந்த காற்று தானே உட்புகும். உள்ளே கதவுகளும் மிகக் குறைவு. தரை மட்டத்தின் ஏற்ற இறக்கமே அறைகளைப் பிரித்துக் காட்டியது. அவ்வீடு இன்று இல்லை. அது கற்பித்த உண்மை இருக்கிறது. அறை சிறுத்தால் காற்றின் வழியைப் பெருக்க வேண்டும்.

வடநாட்டுக் குளிரில் நம்மவர் செய்யும் பெரும் பிழை ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும். சன்னலையும் காற்றுத் துளையையும் துணியால் அடைத்துவிட்டு, கரி அடுப்பை உள்ளே வைத்து உறங்கிவிடுகிறார்கள். அதிலிருந்து எழும் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சுவாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. உறக்கத்திலேயே உயிரைக் கவர்ந்துவிடும். அறை எவ்வளவு சிறிதோ, ஆபத்து அவ்வளவு விரைவு. அறைக்குள் கரி அடுப்பு வேண்டவே வேண்டாம். குளிருக்கு இன்னொரு கம்பளி போர்த்துங்கள்; காற்றுத் துளையை அடைக்காதீர்கள்.

இவற்றையெல்லாம் படித்த பிறகு என் வீட்டைத் திரும்பிப் பார்த்தேன். அரசுக் குடியிருப்பில் சுவரை இடிக்கவோ மாற்றவோ நமக்கு உரிமை இல்லை. ஆகவே ஒரு வாரம் வீட்டைக் கவனிப்பது மட்டுமே செய்தோம். யார் எங்கே நிற்கிறோம், எங்கே அமர்கிறோம், எந்த இடத்தை ஒருவருமே மிதிப்பதில்லை என்பதை என் மகள் சுண்ணக்கட்டியால் தரையில் குறித்து வந்தாள். வாரக் கடைசியில், பால்கனிக் கதவின் ஓரம் இரண்டரை அடிக்கு மூன்றடி அளவில் ஓரிடம் கோடே விழாமல் இருந்தது. அங்கே என்ன இருந்தது தெரியுமா? தொலைக்காட்சிப் பெட்டியும், மிக்சியும், மின்விசிறியும் வந்த காலி அட்டைப்பெட்டிகள். மாற்றல் உத்தரவு வந்தால் உதவும் என்று ஆறு ஆண்டுகளாக அடுக்கி வைத்தவை. வெயில் விழும், தெரு தெரியும், வீட்டிலேயே நல்ல இடம் அது. அம்மா உட்கார வேண்டிய இடத்தில் காலிப் பெட்டிகள் உட்கார்ந்திருந்தன.

அன்று மாலையே அவற்றைப் பழைய காகிதக்காரரிடம் போட்டோம். மூவர் அமரும் சோபாவை விற்று, அடியில் இழுப்பறைகள் கொண்ட ஒற்றைக் கட்டில் ஒன்று செய்வித்தோம். மகளின் மேசையை மடிக்கும் மேசையாக மாற்றினோம். நாங்கள் மூவரும் இரயில் பயணிகளைப் போல இடத்தைக் காலத்தால் பங்கிட்டுக்கொண்டோம். ஆனால் அம்மாவின் மூலையை மட்டும் பங்கிடவில்லை. ஒரு கை வைத்த நாற்காலி, பக்கத்தில் கண்ணாடியும் தம்ளரும் வைக்கச் சிறு முக்காலி. அங்கே செய்தித்தாளையோ பையையோ எவரும் வைப்பதில்லை. காலத்தால் பங்கிடும் விதி இளையோர்க்கு உரியது. விருந்தினர் வரும்போதெல்லாம் எழுந்து கொடுக்க வேண்டிய இடத்தில் முதியவர் மனம் ஊன்றாது. இதை நான் எந்த நூலிலும் படிக்கவில்லை; அம்மாவின் வாக்கியத்திலிருந்தே கற்றேன்.

சிறிய வீட்டைப் புகழ்வது, ஏழைக்குச் சிறிய வீடே போதும் என்று சொல்வதாக ஆகிவிடக் கூடாது. 2015-இல் தொடங்கிய நகர்ப்புறப் பிரதமர் வீட்டுவசதித் திட்டம், நலிந்த பிரிவினரின் வீட்டுக்கு 30 சதுர மீட்டர் வரை பரப்பை வகுத்தது. அந்த அளவுக்குள் ஒரு குடும்பத்தின் மூன்று தலைமுறைகள் வாழ நேரிடும். காற்றும், வெளிச்சமும், தனிக் கழிப்பிடமும், கதவுக்கு வெளியே சிறிது திறந்த வெளியும் கேட்பது ஆடம்பரம் அன்று. கட்டுவோரிடம் அதைக் கேட்போம். கட்டி முடிந்த வீட்டில் வாழும் நாம், நம் கையில் உள்ளதைச் செய்வோம்.

அம்மா 2019-ஆம் ஆண்டு மாசி மாதத்தில் மீண்டும் வந்தார். முதல்நாள் அந்நாற்காலியில் அமர்ந்து வெகுநேரம் தெருவையே பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டாம் வாரத்தில் எதிர்வீட்டுப் பஞ்சாபி மூதாட்டி வெந்தயக் கீரைக் கட்டுடன் வந்து எதிரே அமர்ந்தார். ஒருவர் மொழி மற்றவருக்குத் தெரியாது. கீரை ஆய்ந்து முடிந்தது. பயணச்சீட்டைப் பற்றி அம்மா அதன்பின் பேசவில்லை.

நேயர்களே, இன்றிரவு தங்கள் வீட்டை ஒருமுறை சுற்றிப் பாருங்கள். எந்தக் காலிப்பெட்டி யாருடைய இடத்தில் அமர்ந்திருக்கிறது என்று காணுங்கள்.