தசையைப் போர்த்திய சவ்வும் கைவழிச் சிகிச்சையும்



விடியுமுன் எழுந்து, நூற்றுக்கணக்கான மரங்களில் குனிந்தும் நிமிர்ந்தும் ஒரே பக்கமாகக் கத்தியை இழுக்கின்றீர்கள். பின்னர் பால் வாளியைச் சுமக்கின்றீர்கள். மாலையில் இடுப்பும் தோளும் இறுகிப்போவதில் வியப்பென்ன?

பம்பளிமாஸ் பழத்தை உரித்துப் பாருங்கள். ஒவ்வொரு சுளையையும் மெல்லிய தோல் போர்த்தியிருக்கும். அவ்வாறே நம் தசைகளையும் எலும்புகளையும் நரம்புகளையும் போர்த்தி இணைப்பது இணைப்புத் திசுவாலான சவ்வு. கொலாஜன் எனும் புரத இழைகளே அதற்கு வலுவூட்டுகின்றன.

இச்சவ்வின்மீது கருத்தைச் செலுத்தியவர் அமெரிக்கரான ஐடா ரோல்ஃப் அம்மையார். 1896இல் பிறந்து, 1920இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்ற உயிர்வேதியியலாளர். (பெண்பிள்ளைகளின் படிப்பை இடையில் நிறுத்தும் பெற்றோர் அந்த ஆண்டைக் கவனிக்க!) விரல்களாலும் முழங்கையாலும் மெல்ல அழுத்தி, பத்து அமர்வுகளில் உடலை நேர்நிலைக்குக் கொணரும் முறையை அவர் வகுத்தார். அவர் 1979இல் மறைந்தார்; ‘ரோல்ஃபிங்’ எனும் பெயரில் அம்முறை இன்றும் வழங்குகிறது.

அழுத்தத்தால் சவ்வு இளகுகிறது என அவர் கருதினார். கெட்டியான சவ்வை இளக்கக் கையின் வலிமை போதாது என்றும், நரம்புகள் வழியே தசையிறுக்கம் தளர்வதே நாம் உணரும் சுகமாகலாம் என்றும் பிற்கால ஆய்வாளர் சிலர் கூறுகின்றனர். நம் பாட்டிமார் எண்ணெய் தேய்த்து உருவியதிலும், மலாய் அன்பர்களின் ஊருட் கலையிலும் அதே சுகம் உண்டு. சர்வரோக நிவாரணி என எவரேனும் விற்க வந்தால் மட்டும் நம்பாதீர்கள்.

நான் ஆசிரியப் பணியில் இருந்தபோது, என் மாணவன் ஒருவனின் தந்தை நிரையில் வழுக்கி விழுந்தார். சுளுக்கு என எண்ணி மூன்று வாரம் மணிக்கட்டை உருவிக்கொண்டார். எக்ஸ்ரே எடுத்தபின்னரே எலும்பு முறிவு எனத் தெரிந்தது. அதற்குள் எலும்பு கோணலாகக் கூடிவிட்டது. அதன்பின் அவரால் கத்தி பிடிக்க இயலவில்லை. பையனும் மறு ஆண்டு பள்ளிக்கு வரவில்லை.

ஆகவே விழுந்தபின் வீக்கம் கண்டாலோ, இடுப்பு வலியோடு கால் மரத்தாலோ, சிறுநீர் கட்டுப்படாமற் போனாலோ, முதலில் மருத்துவமனைக்கே செல்லுங்கள். ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கிச் சூடாக இருந்தால் அதை உருவவே கூடாது. உள்ளே இரத்தம் உறைந்திருக்கலாம், அந்தக் கட்டி நகர்ந்து நுரையீரலை அடைக்கலாம்.

வேலையின்போது நேர்ந்த விபத்தாயின், அன்றே தோட்ட அலுவலகத்தில் எழுத்தில் தெரிவித்து, மருத்துவச் சீட்டையும் பத்திரப்படுத்துங்கள். சொக்சோவில் இழப்பீடு கோரும்போது அவை தேவைப்படும்.